பிரியாணிக்கு ஒரு கூட்டாளி

2019இல் மதுமிதா இயக்கிய ‘கே.டி. (எ) கருப்புதுரை’ படத்தை வீட்டில் தாத்தா, பாட்டி இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பார்க்க வேண்டும். கோமாவிலிருந்து கண்விழிக்கும் முதியவரின் காதில், பெற்ற பிள்ளைகளே தன்னைத் ‘தலைக்கூத்தல்’ செய்துவிடப் பேசிக்கொள்வது விழுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்தே உயிரைப் போக்கும் கொடுமை அது. வீட்டைவிட்டு ஓடியவருக்குக் கோயிலில் வளரும் குட்டி என்ற சிறுவன் கூட்டாளியாகிறான்.

அந்தப் பொடியன் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவதே இல்லை. எனக்கு அதுதான் படத்தின் உயிர். அதட்டி, வம்பிழுத்து, அவருடைய ஆசைகளைப் பட்டியல் போட வைக்கிறான். நிறைவேற்றக் கூடவே அலைகிறான். பிரியாணி என்றால் பெரியவருக்குக் கொள்ளை ஆசை. பெரியவராக நடித்த மு. ராமசாமி அதை ரசித்துச் சாப்பிடும்போது நமக்கும் பசிக்கிறது. குட்டியாக நடித்த நாகவிஷால் தேசிய விருது பெற்றார்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் அடுக்குமாடி வீட்டுப் பெரியவர்களிடம் “மாத்திரை போட்டாச்சா?” என்று தினமும் கேட்கிறோம். “எங்கே போக ஆசை?” என்று குட்டியைப் போலக் கேட்பதில்லை. திருமுல்லைவாயில் கோயிலோ, பூந்தமல்லியில் இருக்கும் பழைய சிநேகிதர் வீடோ, அவர்கள் ஆசைப்படும் இடத்துக்கு இந்த ஞாயிறு பேரனைத் துணைக்கு அனுப்புங்கள்.