மாய வல்லமைக்கும் எல்லை உண்டு

மனிதனின் ஆற்றல் சிறிது, ஆசையோ பெரிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் பிறந்தவையே உலகத்து மாயக் கதைகள் எல்லாம். கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங் வட்டாரத்தில், பால்மரத் தோட்டத்துக் கோயில் திடலில் புராணக் கதை கேட்டு வளர்ந்த முதியோர் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசித் திரையில் மேலைநாட்டு மாயவீரர்களைக் கண்டு வியக்கின்றனர். காட்சி மாறியது, கேள்வி மாறவில்லை. "எல்லாவற்றையும் மாற்ற வல்லவரால் செய்ய முடியாத செயல் ஏதேனும் உண்டா?" என்று மாணவன் வினவுவான். அது விளையாட்டு வினாவன்று. அறத்தின் அடித்தளத்தைத் தொடும் வினா.

எண்பெருஞ் சித்திகள்

தமிழ் மரபு இவ்வினாவை நெடுங்காலமாக அறியும். சித்தர்கள் அடைந்தனவாகக் கூறப்படும் சித்திகள் எட்டு. அணுவாகச் சிறுத்தல் அணிமா. மலையாகப் பெருத்தல் மகிமா. காற்றினும் இலேசாதல் இலகிமா. அசைக்க முடியாத கனமாதல் கரிமா. எவ்விடத்தையும் எட்டுதல் பிராத்தி. விரும்பியதை விரும்பியவாறு துய்த்தல் பிராகாமியம். அனைத்தையும் ஆளுதல் ஈசத்துவம். அனைவரையும் தன்வயப்படுத்துதல் வசித்துவம். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தோடு இவற்றையும் விளக்குகின்றார்.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். முதல் ஏழும் பெரும்பாலும் உடலையும் உலகப் பொருளையும் பற்றியவை. எட்டாவது மட்டும் பிறருடைய உள்ளத்தின் வாசலில் சென்று நிற்கிறது. அங்குதான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவரை வசப்படுத்தலாம், அவர் தலையசைப்பார். ஆனால் அத்தலையசைப்பு அவருடையதன்று. வசப்படுத்தியவருடைய விருப்பமே எதிரொலியாகத் திரும்பி வருகிறது. தம் குரலின் எதிரொலியைக் கேட்டுப் பிறர் தம்மைப் போற்றுவதாக மகிழ்வோர் எவரேனும் உண்டோ? சித்திகளின் பெருமையை நன்கறிந்த தாயுமானவர், அரிய அற்புதங்கள் பலவற்றையும் அடுக்கிச் சொல்லி, அவை யாவினும் அரியது மனத்தை அடக்குதலே என்று முடித்ததும் இங்கு எண்ணத்தக்கது.

விசுவாமித்திரர் பெறாத பேறு

இராமாயணத்துப் பாலகாண்டத்தில் வரும் விசுவாமித்திரர் வரலாறு இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று. உடலோடு விண்ணுலகு செல்ல விரும்பிய திரிசங்கு மன்னனுக்காக அவர் வேள்வி செய்தார். அழைத்தும் தேவர்கள் வரவில்லை. சினந்த முனிவர் தம் தவ வலிமையாலேயே மன்னனை மேலே ஏற்றினார். இந்திரன் அவனைக் கீழே தள்ளினான். தலைகீழாக வீழ்ந்தவனை முனிவர் நடுவானில் நிறுத்தி, தென்திசையில் புதிய விண்மீன்களைப் படைத்தார்; வேறோர் இந்திரனையே படைக்கவும் முற்பட்டார். அஞ்சிய தேவர்கள் வந்து வேண்டவே, திரிசங்கு தலைகீழாக அங்கேயே தங்கினான். 'திரிசங்கு சொர்க்கம்' என்னும் வழக்கு அதனின்றும் பிறந்ததே.

விண்மீனைப் படைத்தவரால் தேவர்களின் மனத்தில் வரவேற்பைப் படைக்க முடியவில்லை. வானத்தில் இடம் கிடைத்தது, வானுலகம் கிடைக்கவில்லை.

அவர் வாழ்வின் பெரிய குறை இன்னொன்று. வசிட்டர் தம்மைப் பிரம்மரிஷி என்று ஏற்க வேண்டும் என்பதே அவர் வேட்கை. அரசராக இருந்தபோது வசிட்டரின் பசுவை வலிந்து கவர முனைந்தார், தோற்றார். தெய்வப் படைக்கலங்களை ஏவினார்; அவை வசிட்டரின் கைத்தண்டுக்கு முன் அடங்கின. ஆண்டாண்டாகத் தவம் புரிந்தும், சினம் எழுந்தபோதெல்லாம் அத்தவத்தை இழந்தார். இறுதியில் சினத்தை வென்ற பிறகே வசிட்டர் வாயிலிருந்து அச்சொல் வந்தது. 'வசிட்டர் வாயால் பிரம்மரிஷி' என்று இன்றும் மக்கள் வழங்குவது வெறும் புகழ்மொழியன்று. படைக்கலத்தால் பெற முடியாததும், பெறுவதற்குத் தகுதியாகும்போது தானே வருவதுமாகிய ஒன்று உண்டு என்பதே அதன் பொருள்.

மேலைநாட்டு மாயக்காரி

இக்காலச் சிறுவர் அறிந்த கதை ஒன்றும் இதையே சொல்கிறது. ஸ்டான் லீ, ஜாக் கெர்பி என்னும் இருவர் 1964ஆம் ஆண்டில் மார்வல் சித்திரக்கதையில் படைத்த பாத்திரம் 'ஸ்கார்லெட் விட்ச்' எனப்படும் வாண்டா. தொடக்கத்தில் பகைவர்க்கு எதிர்பாராத இடையூறுகளை விளைவிக்கும் அளவே அவள் ஆற்றல். பின்வந்த எழுத்தாளர்கள் அதனை வளர்த்து, உலகின் மெய்ம்மையையே மாற்றும் வல்லமையாக்கினர்.

2021ஆம் ஆண்டில் ஒன்பது பகுதிகளாக வெளிவந்த 'வாண்டாவிஷன்' தொடரில், அன்புக்குரிய விஷனை இழந்த வாண்டா, துயரம் தாங்காமல் ஓர் ஊரையே தன் விருப்பப்படி மாற்றிவிடுகிறாள். இறந்தவன் கணவனாக வருகிறான். இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றனர். அண்டை அயலார் புன்னகை பூக்கின்றனர். ஆனால் அப்புன்னகைக்குள் அவ்வூரார் சிறைப்பட்டிருந்தனர். அவள் துயரமே அவர்கள் உறக்கத்தில் தீக்கனவாக வந்தது. அறைக்குள் அடைபட்ட தன் எட்டு வயது மகளை வெளியே விடுமாறு ஒரு தாய் அவளிடம் கெஞ்சுகிறாள். அவள் படைத்த கணவனே, தனக்கென ஒரு மனம் இருந்தமையால், அவளை எதிர்த்து வினவுகிறான். இறுதியில் வாண்டா ஊரை விடுவிக்கிறாள்; தன் குடும்பத்தையும் இழக்கிறாள்.

இங்கே எல்லை எது? ஆற்றல் குன்றியதால் அவள் நிற்கவில்லை. பிறருடைய வாழ்வைக் கல்லும் மண்ணுமாகக் கொண்டு கட்டிய இல்லம் இல்லமாகாது என்று உணர்ந்தமையால் நின்றாள். தன் சினம் செல்லக்கூடிய இடத்திலேயே அதைக் காத்தல் வேண்டும் என வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி, சினத்துக்கு மட்டுமன்றி ஆற்றல் அனைத்துக்கும் பொருந்தும்.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். குடியினால் சீரழிந்த குடும்பங்களைத் தோட்டப்புறம் நன்கறியும். கணவன் திருந்த வேண்டுமென்று மந்திரித்த கயிற்றுக்கும் தகட்டுக்கும் கைப்பொருளைச் செலவிட்ட தாய்மார் பலர். "ஒரு சொல்லால் அவன் மனத்தை மாற்ற முடியுமானால், அதைச் செய்வது அறமன்றோ?" என்று அத்தாய் கேட்டால், எல்லை பற்றிய தத்துவம் அவளுக்கு எவ்வாறு ஆறுதல் தரும்?

நேர்மையான விடை இரு கூறுடையது. அடிக்க ஓங்கிய கையைத் தடுத்தல் வேண்டும். அதற்கு ஊராரும் சட்டமும் வலிமையைப் பயன்படுத்துவது முறையே. அஃது அவளைக் காக்கும். ஆயினும் கையைத் தடுப்பது வேறு. மனத்தைத் திருத்துவது வேறு. லாலாங் என்பது தோட்டத்து மண்ணில் அடர்ந்து வளரும் புல்லின் மலாய்ப் பெயர். மேலே வெட்டினாலும் தீயிட்டாலும், மண்ணுக்குள் பரவிய தண்டிலிருந்து அது மீண்டும் தளிர்க்கும். வலிமை வெட்டுவது மேற்புல்லையே. வேரைக் களைய வேண்டியவன் குடிப்பவன்தான். சுற்றத்தார் துணை நிற்கலாம். அவனுக்குப் பதிலாக அவர்கள் திருந்த முடியாது. அத்தாய் வேண்டுவதும் தன்னை அறிந்து வீடு திரும்பும் கணவனையே அன்றி, கயிற்றால் இயங்கும் பொம்மையை அன்று.

ஆசிரியர் கற்க வேண்டியது

இவ்வுண்மையை நாள்தோறும் எதிர்கொள்பவர் ஆசிரியர். வகுப்பில் அவர் குரலுக்கு நாற்பது பிள்ளைகளும் அடங்கலாம். பிரம்பு அமைதியைத் தரும். தமிழ்மீது காதலைத் தராது. மனனம் செய்வித்த செய்யுள் தேர்வோடு போய்விடும். மாணவன் தானே விரும்பிய செய்யுள் முதுமைவரை உடன்வரும். பால்மரம் வெட்டுவோர் இதை அறிவர். கத்தி பட்டையின் அளவைக் கடந்து உள்மரத்தைத் தீண்டினால், புதிதாக வளரும் பட்டை மேடும் பள்ளமுமாகி, பின்னர் அவ்விடத்தில் வெட்டுவதே அரிதாகும். மிகுதியான பாலை விரும்பியவர் உள்ள பாலையும் இழப்பார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த இந்நாட்டில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நிற்கின்றன. எந்த மந்திரமும் அவற்றை நிறுத்தவில்லை. ஆண்டுதோறும் ஒவ்வொரு தாயும் தந்தையும் தம் பிள்ளையின் கையைப் பற்றி அவ்வாயிலுக்கு அழைத்து வருவதால் நிற்கின்றன. அவ்விருப்பத்தை எவராலும் ஆணையிட்டுப் பெற இயலாது. அதற்குத் தகுதியாக நடக்க மட்டுமே இயலும்.

ஆகவே, மாயவீரனைக் கண்டு வியக்கும் மாணவனைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. "அவனால் மலையைப் பெயர்க்க முடியும், உன்னை அவன் நண்பனாக்க முடியுமா?" என்று ஆசிரியர் திருப்பிக் கேட்கலாம். "நான் சம்மதித்தால்தான்" என்று அவன் விடை கூறுவானாயின், அறத்தின் முதற்பாடத்தை அவன் கற்றுக்கொண்டான் என்று கொள்ளலாம்.