உரையாடலும் தனிமொழியும்

நாடகம் பயில்வோர் முதலில் கற்கும் சொற்கள் சிலவே. பெரும்பிரிவு அங்கம், உட்பிரிவு காட்சி. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவது உரையாடல். ஒரு பாத்திரம் தன் உள்ளத்தைத் தனக்கே திறந்துகாட்டுவது தனிமொழி. இரு விருப்பங்கள் மோதுவது முரண். அது முற்றி, இனி ஒன்றைக் கைவிட்டே தீரவேண்டும் என்னும் கட்டம் உச்சம். மனிதரின் நோக்கங்களை எடைபோடவும் இச்சொற்கள் நமக்கு உதவும்.

1497 ஜூலையில் நான்கு கப்பல்களுடன் லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட வாஸ்கோடகாமா, 1498 மே 20-இல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். இத்துணைத் தொலைவு எதைத் தேடி வந்தீர்கள் என்று அங்கிருந்த துனீசிய வணிகர் வினவ, கிறிஸ்தவர்களையும் நறுமணப் பொருள்களையும் தேடி வந்ததாக அவருடைய ஆள் விடையிறுத்ததைப் பயணக் குறிப்பு பதிவு செய்துள்ளது. அராபியரும் வெனிஸ் நகரத்தாரும் கைமாற்றி விற்ற மிளகை நேரே வாங்கினால் பேரிலாபம், அரசருக்கு வருவாய், மாலுமிக்குப் புகழ், திருச்சபைக்குப் புதிய மக்கள். இவையனைத்தும் ஒரே கப்பலில் ஏறி வந்தன.

கலந்த நோக்கம் குற்றமாகுமா? ஒழுக்க இறையியல் செயல், நோக்கம், சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்கும். மிளகு தேடுவது பாவமன்று. ஜேடர்பாளையத்தில் காவிரி பாய்ந்தும், இவ்வட்டாரத்து இளைஞர் பலர் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஏறி, ஆழ்துளைக் கிணறு தோண்ட வடமாநிலங்களுக்குச் செல்கின்றனர். கடனடைக்கும் கடமையும் புதிய ஊர் காணும் ஆவலும் அவர்கள் நெஞ்சில் கலந்தே இருக்கின்றன. அதை யார் பழிப்பார்?

முரண் எழும்போதுதான் தனிமொழி கேட்கிறது. 1502-இல் மீண்டும் வந்த காமா, மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலை மறித்தார். தம் செல்வத்தைத் தருவதாகக் கூறி உயிர்ப்பிச்சை கேட்டவர்களை, பெண்டிர் பிள்ளைகளோடு எரித்தார். சிலுவை தாங்கிய பாய்மரத்தின் கீழ் நிகழ்ந்த இக்கொடுமையை நாம் மறைத்தல் ஆகாது. கடல் வாணிகத்தில் ஆதிக்கமும் சிலுவையின் இரக்கமும் மோதிய உச்சத்தில், கைவிடப்பட்டது இரக்கம்.

1605-இல் கோவா வந்திறங்கிய இராபர்ட் தெ நொபிலியும் அதே கடல்வழியில் வந்தவரே. பரங்கியர் என்னும் பெயர் மக்களை விலக்குவதைக் கண்ட அவர், அப்பெயர் தந்த பாதுகாப்பை விடுத்துத் துறவியாக வாழ்ந்தார். சாதி வேற்றுமைக்கு அவர் முறை இடங்கொடுத்தது என்னும் குறைகூறல் நியாயமானதே. அவர் வேடமிடுகிறார் என்ற புகாரோ உரோமைவரை சென்றது. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அம்முறையை அனுமதித்தார். அதே ஆண்டில் அவர் மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டு, நம் பக்கத்துச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார்.

மேடை நடிகனைக் குறித்த கிரேக்கச் சொல்லையே நற்செய்தி நூல்கள் வெளிவேடக்காரருக்கு வழங்குகின்றன. வேடம் எது, வாழ்வு எது என்று பிரித்தறிவது பிறரைவிட நம் விஷயத்திலேயே கடினம். ஆலயத்திற்கு நன்கொடை தருபவர் இறைவனின் மகிமையையும், உபயக் கல்லில் தம் பெயரையும் ஒருங்கே விரும்பலாம். அது மனித இயல்பு. கல்லில் இடமில்லை என்று சொல்லப்படும் நாளில், நீட்டிய கை மடங்குகிறதா என்பதை மட்டும் நாம் கவனித்துக்கொள்வோம்.