ஆண்டி சுனையில் ஒருவர்

மழை ஓய்ந்த காலைகளில் சிங்காநல்லூர்க் குளக்கரையில் நின்று மேற்கே நோக்கினால், நகரக் கட்டடங்களுக்கு அப்பால் மலைத்தொடர் நீலக் கோடாய்த் தெரியும். வெள்ளியங்கிரி அத்தொடரில்தான் உள்ளது. ஏழு மலை கடந்தால் ஈசன் சந்நிதி. பிப்ரவரி முதல் மே வரை, மூங்கில் தடியூன்றி, வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே மக்கள் ஏறுவார்கள்.

அடுத்த வீட்டு நண்பர் அழைக்க, கிறிஸ்தவனாகிய நானும் ஒருமுறை உடன் சென்றேன். ஆண்டி சுனை அருகே அவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. பாறையில் அமர்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க, நா இங்கயே இருக்கறனுங்க" என்றார். நான் போனேன். உச்சியில் கதிரவன் எழுவதைக் கண்டேன். திரும்பி வந்தபோது, முன்பின் அறியாத பக்தர் ஒருவர் தம் கம்பளியை நண்பருக்குப் போர்த்தி, அவர் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது மலைக்கு அவர் இன்னும் போகவில்லை. இத்தனைக்கும் அந்த உச்சி அவருக்கு வழிபாடு. எனக்கோ வெறும் காட்சி.

நண்பரே அனுமதித்தாரே, பிறகென்ன குற்றம் என்று நெடுநாள் எனக்கு நானே வாதாடினேன். ஆனால் வலியில் இருப்பவன் தரும் அனுமதி எத்தகையது? நம் ஆசையை மதித்துத் தன் தேவையை அவன் மறைத்துக்கொள்கிறான். அதை நாம் உரிமைச் சீட்டாக எடுத்துக்கொள்ளலாமா?

உச்சியை நாடுவதே பிழை என்று சொல்ல வரவில்லை. பின்னாளில் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஆன அக்கில்லே ராத்தி, இளங்குருவாயிருந்த 1889இல், ஆல்ப்ஸ் மலையில் 4,634 மீட்டர் உயரமுள்ள மோந்தே ரோசாவின் செங்குத்தான கிழக்குமுகம் வழியே ஏறினார். நண்பரான ஒரு குருவும் இரு வழிகாட்டிகளும் உடனிருந்தனர். உச்சியருகே, திறந்த பாறையில், கடுங்குளிரில் நால்வரும் ஓர் இரவைச் சேர்ந்தே கழித்தனர். 1923இல் அவர்தாம் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். ஆல்ப்ஸ் கணவாயில் பயணிகளுக்குப் புகலிடம் அமைத்தவர் அப்புனிதர். சிகரம் தொட்டவரல்லர் என்பதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன்.

2006 மே மாதம் எவரெஸ்ட் சரிவில் டேவிட் ஷார்ப் உயிருக்குப் போராடிக் கிடக்க, பலர் கடந்து சென்றனர். அதே மாதம், அதே சரிவில், டேன் மேசரின் குழுவினர் உச்சியைக் கைவிட்டு லிங்கன் ஹாலைக் காத்தனர். கடந்து சென்றோரைத் தீர்ப்பிட எனக்குத் தயக்கமுண்டு. அந்த உயரத்தில் தன்னுயிரைச் சுமப்பதே பெரும்பாடு. ஆண்டி சுனையில் எனக்கு மூச்சுத் திணறவில்லை.

திரும்பும் பேருந்தில், மேலே என்ன கண்டீர்கள் என்று நண்பர் ஆவலோடு கேட்டார். பொன்னிறமான மேகம், காற்று, மணியோசை என்று சொல்லத் தொடங்கினேன். பேரூர் வருவதற்குள் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர் அந்தப் பக்தரின் கம்பளியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.