ஏழு நாளும் எவர் நாள்?

"நேரமே இல்லை" என்று சொல்வது பெருமைக்குரிய சொல்லாகிவிட்டது. ஓயாது உழைப்பவன் நல்லவன், ஓய்ந்திருப்பவன் கடமை தவறியவன் என்று உலகம் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறது. ஆயின், தன் நாளெல்லாம் பணியால் நிரப்பிவிட்ட மாத்திரத்தில் ஒருவன் தன் கடமைகளை நிறைவேற்றியவன் ஆகிவிடுவானா? இவ்வினாவை ஆராய்வதற்குக் கடல் கடந்து வந்து மலாயாத் தோட்டங்களில் பணிபுரிந்த தமிழாசிரியரின் வாழ்வினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைத்தல் வேண்டும் என ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்ததேயன்றி ஆசிரியரைத் தரவில்லை. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ பாடஞ்சொல்லிய பள்ளிகள் தொடக்கத்தில் பல. பின்னர்த் தமிழகத்திலிருந்து வந்த இளைஞர் சிலர் அப்பொறுப்பை ஏற்றனர். மனைவி மக்களை ஊரில் விட்டுத் தாம் மட்டும் கப்பலேறி வந்தோரும் அவருள் இருந்தனர்.

அத்தகைய ஆசிரியர் ஒருவரின் வாரத்தை எண்ணிப் பார்ப்போம். திங்கட்கிழமை. இருள் பிரியுமுன் பெரட்டு முடிந்து, பெற்றோர் பால்மரக் காட்டுக்குப் போய்விடுவர். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள லயத்திலே நிறுத்தப்பட்ட சிறுமியைத் தேடி ஆசிரியர் வீடு வீடாக நடப்பார். பிறகு ஒரே கொட்டகையில் நான்கு வகுப்புகள். ஒரு மூலையில் அகர வரிசை, மறுமூலையில் பெருக்கல் வாய்பாடு. செவ்வாயன்று பால் நிறுத்து முடிந்ததும், கூலியில் பிடித்தம் என்று முறையிட வருவோர்க்கு விண்ணப்பம் எழுதுதல். புதன் மாலை ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தல். வியாழன் கூட்டுறவுச் சங்கக் கணக்கு. வெள்ளி மாரியம்மன் கோயிலில் பிள்ளைகளின் பஜனை. சனிக்கிழமை மிதிவண்டியேறிப் பட்டணத்துப் பயிற்சி வகுப்புக்குப் போய் இரவில் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமையேனும் ஓய்வு உண்டா எனின், கல்யாணப் பேச்சு ஒரு வீட்டில், கள்ளுக்கடைச் சண்டையின் மிச்சம் மறுவீட்டில். இரண்டுக்கும் "வாத்தியாரைக் கூப்பிடு" என்பதே தீர்வு.

இவற்றுள் எதனை வீண்வேலை என்று தள்ளுவது? ஒன்றையும் தள்ளுதற்கில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்னும் இடத்தில், அவர் மறுத்தால் அவ்வேலை நடவாது. தாகித்தவன் முன் தண்ணீர்க் குடத்துடன் நிற்பவன், "எனக்கு நேரமில்லை" எனல் அறமாகாது.

எனினும் அந்தப் புதன்கிழமை மாலையைச் சற்று உற்று நோக்க வேண்டும். திண்ணையில் அரிக்கேன் விளக்கு. சுற்றிலும் பத்துப் பேர். "பையன் படிக்கிறானா என்று கேளுங்கள் ஐயா," "அம்மாவின் கால்வலி எப்படி என்று எழுதுங்கள் ஐயா" என ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, ஆசிரியரின் கை எழுதிக்கொண்டே இருக்கிறது. பத்தாவது கடிதம் முடியும்போது விளக்கில் எண்ணெய் இல்லை. தம் மகனுக்கு எழுத வேண்டிய கடிதம் அடுத்த புதனுக்குத் தள்ளிப்போகிறது. மாதந்தவறாமல் மணியார்டர் போகிறது, கடிதம் போகவில்லை. ஊரிலே வளரும் அந்தப் பிள்ளை தகப்பனை ரூபாய்க் கணக்காகவே அறிகிறான். நூறு பிள்ளைகளுக்குத் தந்தையானவர் ஒரு பிள்ளைக்கு அயலாராகிறார்.

இது தியாகமா, தவறா? தியாகம் என்போர், பலர் நலத்துக்காக ஒருவர் நலத்தைக் கைவிடல் உயர்வன்றோ என்பர். தம் நலத்தைக் கைவிடுவது உயர்வே, அதில் ஐயமில்லை. ஆனால் இங்குக் கைவிடப்பட்டது தம் நலம் மட்டுமன்று, மகனின் நலமுமாகும். அவன் இசைவைக் கேட்டவர் யார்? பிறர் பொருளை எடுத்துத் தருமம் செய்வதைக் கொடை என்று எவரும் கூறார்.

மற்றொன்றும் உண்டு. அயல்மண்ணில் தனித்திருப்பவனுக்கு வேலை வெறும் கடமையன்று. அது ஒரு புகலிடம். பலரும் தேடி வரும்போது தனிமை தெரிவதில்லை. பிறர் வீட்டுச் சேதியை எழுதுவது எளிது, தம் வீட்டுக்கு எழுத உட்கார்ந்தாலோ, "எப்போது வருவீர்கள்?" என்னும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். அவ்விடையைத் தள்ளிப்போட ஓயாத பணி நல்லதொரு திரை. திரையை அறம் என்று மயங்குதல் நல்லோர்க்கும் நேர்வதே.

வள்ளுவர் அறத்துப்பாலில் இல்வாழ்க்கையை ஐந்தாம் அதிகாரமாகவும், மக்கட்பேற்றை ஏழாம் அதிகாரமாகவும், ஊருக்கு உதவும் ஒப்புரவை இருபத்திரண்டாம் அதிகாரமாகவும் வைத்துள்ள முறை சிந்திக்கத் தக்கது. வீடு வேர், ஊர் கிளை. கிளை பரந்து நிழல் தரலாம். வேர் காய்ந்தபின் அந்நிழல் நெடுநாள் நில்லாது.

அங்ஙனமாயின், திண்ணையில் காத்திருக்கும் பத்துப் பேரை விரட்டிவிடுவதா? வேண்டியதில்லை. பத்தாண்டுகளாக ஒரே குடும்பத்துக்கு ஓராசிரியரே கடிதம் எழுதுகிறார் எனில், அவர் உதவியாளராக வென்றார்; ஆசிரியராகத் தோற்றார். நான்காம் வகுப்புச் சிறுவன் தன் தந்தை சொல்லச் சொல்லப் பாட்டிக்குக் கடிதம் எழுதட்டும். எழுத்துப் பிழை இருக்கட்டும், பாட்டி பொறுப்பாள். அன்று அச்சிறுவனுக்குக் கல்வியின் பயன் விளங்கும். தந்தைக்கு மகனின் அருமை விளங்கும். ஆசிரியருக்கு ஒரு மாலை மீளும். தம்மை இன்றியமையாதவராக வைத்துக்கொள்வது அதிகாரம். தாம் இன்றியும் நடக்கும்படி பிறரை ஆக்குவதே ஆசிரியம்.

காலம் மாறிவிட்டது. தோட்டங்கள் பல மறைந்தன. எனினும் மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. தீபகற்பத்து வீட்டைவிட்டுச் சபா, சரவாக் மாநிலங்களுக்குப் பணியேற்றுச் சென்ற தமிழாசிரியர்களும் உளர். விண்ணப்பம் எழுதிய கை இன்று கணினியில் விவரம் பதிகிறது. மணியார்டர் போன வழியில் வங்கிப் பணம் போகிறது. கைப்பேசியில் மகனின் முகத்தையே காணலாம். ஆயினும், "இப்போது வேலை, பிறகு பேசுகிறேன்" என்னும் சொல் மாறவில்லை. தூரத்தைக் கருவி குறைக்கும். நேரத்தை மனிதன்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே, வார முடிவில் ஓர் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, "எத்தனை வேலை செய்தேன்?" என்பதன்று. "என்னால் மட்டுமே செய்யக்கூடியது எது? அதைச் செய்தேனா?" என்பதே. பாடஞ்சொல்ல இன்னொருவர் வரலாம். கணக்கெழுத இன்னொருவர் வரலாம். ஒரு பிள்ளைக்குத் தகப்பனாய் இருக்க இன்னொருவர் வர இயலாது. விளக்கில் எண்ணெய் இருக்கும்போதே அந்த முதற் கடிதம் எழுதப்படட்டும்.