குழாயில் கேட்கும் எச்சில்

அலமாரியில் அம்பேத்கர் தொகுதிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் நாலு மாசமாகக் கிடக்கிறது. அதில் எச்சிலைத் துப்பி, மூடி, உறையிலிட்டு அனுப்பினால் என் பூர்வீகம் தெரிந்துவிடுமாம். 'ஒன் பூர்வீகம் எனக்குத் தெரியாதாடா' என்று ஊர்த்தெருவில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அதையே காசு வாங்கிக்கொண்டு சொல்ல ஒரு கம்பெனி இருக்கிறது என்றபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது.

எச்சில் நமக்குச் சாதாரணச் சொல் இல்லை. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் தீண்டத்தகாதார் துப்புவதற்கென்று கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன்? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடைக் கூரையில் தனியாகச் செருகி வைத்திருந்த கிளாஸும் இந்த எச்சிலுக்காகத்தான். மண்ணில் விழக்கூடாது, பாத்திரத்தில் படக்கூடாது என்றிருந்த எச்சில் இன்று மூடிபோட்ட குழாயில் கண்டம் தாண்டுகிறது.

குழாயைக் கொடுத்தவர் டர்பனிலிருந்து வந்த ஓர் அம்மா. அறுபது வயதிருக்கும். தமிழ் பேச வராது. 'அக்கா', 'தாத்தா', 'சோறு' மாதிரி பத்து இருபது சொல் மட்டும் வாயில் மிச்சம். 1860இலிருந்து 1911வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வடஆற்காடு ஜில்லாக்காரர்கள் அதில் ஏராளம். அந்த அம்மாவின் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர். கப்பல் பட்டியலின் நகலைக் கையில் வைத்திருந்தார். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் அடையாளம். முனியன், தகப்பன் சின்னான், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. கிராமம் எங்கள் கிராமம். எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு: என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் ஆண்டையிடம் அடிவாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பட்டணம் ஓடியவர், அப்புறம் 'கப்பலுக்குப் போயிட்டாரு'. பெயர் யாருக்கும் நினைவில்லை.

பட்டியலில் சாதிக்கான கட்டத்தில் ஆங்கிலத்தில் 'பறையா' என்றிருந்தது. அந்த அம்மா அதில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். அவருக்கு அது ஓர் ஆங்கிலச் சொல். ஒதுக்கப்பட்டவன் என்று அகராதியில் பொருள் போட்டிருக்கும் சொல். கப்பலில் இவர் ஏதோ தப்பு செய்து ஒதுக்கிவைத்துவிட்டார்களோ என்று நினைத்திருந்தாராம். வீட்டில் அவர்கள் பிள்ளை என்று போட்டுக்கொள்கிறார்கள். கடல் தாண்டியவர்களில் பலர் இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதில் நான் குறை காண மாட்டேன். அது ஒரு சாதியின் பெயரம்மா, என் சாதி, என்று சொன்னேன். பிறகு பறை என்றால் என்ன என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் நோட்டை எடுத்து, அந்தச் சொல்லை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு, வம்சாவளியில் முனியன் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டார். என் சொந்தக்காரர்தான் இவர் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

அவருக்கு அது போதவில்லை. சேரியில் ஒரே காலத்தில் பத்து முனியன்கள் இருந்திருப்பார்கள் என்று நான்தான் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். அதனால்தான் குழாய்.

இந்தச் சோதனை எவ்வளவு சொல்லும் என்பதையும் பார்த்துவிடுவோம். அவரும் நானும் உடன்பிறந்த இருவரின் கொள்ளுப்பேரர்கள் என்றால் எங்கள் மரபணுவில் பொதுவாக இருக்கக்கூடியது சராசரியாக நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த அளவு தூரத்துச் சொந்தத்தில் பத்தில் ஒரு ஜோடிக்கு எதுவுமே பொருந்தாமல் போகலாம். சொந்தம் உண்மையாகவே இருந்தாலும். இன்னொன்று, தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்ட கூட்டத்தில் சொந்தமில்லாதவர்கள்கூடச் சொந்தம்போலக் காட்டுவார்கள். அகமணம் சோதனையையும் குழப்புகிறது.

விஷயம் தெரிந்த மாணவர் ஒருவர், 'அவசியம் பண்ணுங்க சார், நாமதான் மண்ணின் மைந்தர்னு அறிவியல்பூர்வமா நிரூபிக்கலாம்' என்று துள்ளினார். எனக்கு அந்தத் துள்ளல் பிடிக்கவில்லை. நம்மை அளந்து பார்த்தவர்கள் ஏற்கெனவே வந்து போயிருக்கிறார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கு அகலமாக அகலமாகச் சாதி கீழே இறங்கும் என்று விதியே எழுதினார். சென்னை அருங்காட்சியகத்துக் கண்காணிப்பாளர் தர்ஸ்டன் அளவுகோலும் கையுமாக நம் ஆட்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதி போட்டார். அதே மூக்களவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, பிராமணரும் தீண்டத்தகாதாரும் ஒரே இனம்தான், சாதிக்கும் இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று அம்பேத்கர் 1948இல் திருப்பிப் போட்டார். அயோத்திதாசரும் பூர்வீகத்தைத் தேடியவர்தான். நாம் பூர்வ பௌத்தர் என்பதற்கு அவர் நூல்களையும் வழக்குச் சொற்களையும் பண்டிகைகளையும்தான் புரட்டினார். யார் மூக்கையும் அளக்கவில்லை.

மரபணு ஆய்வாளர்கள் இன்று சொல்வதும் மாணவர் நினைத்த மாதிரி இல்லை. 2009இல் ஹைதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்கர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி இந்தத் துணைக்கண்டத்தில் அநேகமாக எல்லாருமே கலப்பு. அளவுதான் ஆளுக்காள் வேறு. 2013இல் இன்னும் துல்லியமாகச் சொன்னார்கள்: ஏறக்குறைய 4,200 வருஷத்துக்கு முன்பிருந்து 1,900 வருஷத்துக்கு முன்புவரை தாராளமாகக் கலந்தவர்கள், அப்புறம் கலப்பதை நிறுத்திக்கொண்டார்கள். யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். சாதியின் சாரமே அகமணம்தான் என்று 25 வயது அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் கட்டுரை வாசித்தபோது அவர் கையில் குழாய் கிடையாது. ஆகவே தூய ரத்தம் என்று நாமும் கிளம்பினோமானால், அது அவர்கள் கழற்றிப் போட்ட செருப்பில் நாம் கால் நுழைப்பதுதான்.

இந்த அளவில் தத்துவமாகப் பேசி முடித்துவிடலாம். ஆனால் நாலு மாசமாகக் குழாய் அப்படியே கிடப்பதற்குக் காரணம் ரிஸ்லி இல்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். தண்ணீர்க் குழாயடியில் ஏதோ சண்டை. ஒருத்தி என் ஆயாவைப் பார்த்து, 'ஆண்டை ஊட்டுப் புள்ளையப் பெத்தவளுக்கு வாயப் பாரு' என்றாள். சத்தம் அப்படியே நின்றுபோனது. ஆயா குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்பா சிவப்பு, நெட்டை. தாத்தாவோ கட்டை குட்டையான கறுத்த மனுஷர், அந்த ஆண்டையிடமே படியாளாகக் கிடந்தவர். அதற்குமேல் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆயா 1983இல் செத்துப்போனாள், ஒரு சொல் சொல்லாமல்.

கணக்கைப் பாருங்கள். அந்தப் பேச்சு உண்மையென்றால், முனியனின் தம்பி வம்சம் என் அப்பாவோடு நின்றுவிடுகிறது. என் எச்சில் டர்பன் அம்மாவுடையதோடு பொருந்தாது. பொருந்தவில்லை என்று காகிதம் வந்தால் அவர் தன் கிராமத்தை இழப்பார். அது பத்தில் ஒன்றா, இல்லை ஆயாவா என்று நான் சாகிறவரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

தெரிந்துகொண்டால்தான் என்ன என்று எனக்குள்ளேயே ஒருத்தன் கேட்கிறான். மௌனம் யாரைக் காப்பாற்றுகிறது? ஆண்டை வீட்டுப் பேரன்கள் இன்றும் தேர்த்திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறார்கள். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி ஜெஃபர்சன் விஷயத்தில், அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மகன் மாடிசன் 1873இலேயே 'அவர்தான் என் தகப்பன்' என்று பத்திரிகையில் சொன்னார். சரித்திரப் பேராசிரியர்கள் நம்பவில்லை. 1998இல் ஆண்வழி மட்டும் இறங்கும் குரோமோசோமைச் சோதித்து, ஜெஃபர்சன் வம்சத்தோடு மாடிசனின் தம்பி வம்சம் பொருந்துகிறது என்று வந்த பிறகுதான் பெரும்பாலோர் வாயை மூடினார்கள். கறுப்பன் வாக்குமூலம் 125 வருஷம் பொய்யாகக் கிடந்து, ஆய்வுக்கூடச் சீட்டு வந்ததும் மெய்யானது. இதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு, எரிச்சலும் உண்டு. நம் பாட்டிமார்கள் சொன்னதை எழுதி அச்சடித்துவரும் பத்திரிகையில், ஆய்வுக்கூடம் சொன்னால்தான் நம்புவேன் என்று நானே எப்படி எழுதுவது? ஆனால் மாடிசன் வாய் திறந்து சொன்னார். என் ஆயா சொல்லவில்லை. பயந்து சொல்லாமல் இருந்தாளா, அவள் முடிவா? வெட்கப்பட வேண்டியவன் ஆண்டைதான், அவள் இல்லை என்று மேடையில் பேசலாம். அவள் உடம்பில் நடந்ததை அவள் மூடிவைத்திருந்தால், அதைத் திறக்கும் உரிமை பேரன் என்பதால் மட்டும் எனக்கு வந்துவிடுமா?

அதோடு, நம் உடம்பிலிருந்து எடுத்தது யார் கையில் போய்ச் சேரும் என்கிற கேள்வியும் சும்மா இல்லை. 'ட்வென்டி த்ரீ அண்ட் மீ' என்ற அமெரிக்கக் கம்பெனியிலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருடுபோனது. 2025 மார்ச்சில் கம்பெனியே திவால் மனு போட்டது. இங்கே வேங்கைவயலில், 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதே, அதற்கு டிஎன்ஏ சோதனை என்று முதலில் ரத்தம் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்தான். பலர் கொடுக்க மறுத்தார்கள். கடைசியில் 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகையும் அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று பேர்மீதே வந்தது. மறுத்தவர்களின் பயம் எனக்குப் புரிகிறது.

போன வாரம் குழாயை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். குழாயடிச் சண்டையைத் தவிர மற்றதையெல்லாம்.

"இன்னாடா இது, எச்சியக் கேக்குது அந்தப் பொம்பள?"

"சொந்தமான்னு பாக்கத்தான் அத்தை."

"ஊரத் தேடிக்கினு கடல் தாண்டி வந்திருக்குறா. சொந்தமில்லாத எவ வருவா?"

குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பேசவில்லை. தெருவில் ஒரு ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டு ஓடியது.

"ஒன்னுது வாணாம்" என்றாள். "என்னுத எடுத்துக்கோ."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எங்க நைனா பெத்தவ நானு. அண்ணன வளத்தவரும் எங்க நைனாதான். தோள்லேர்ந்து எறக்க மாட்டாரு. அத்தெல்லாம் இதுல தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"அப்ப இன்னாத்துக்கு அது? குடு, அந்தப் பொம்பளைக்கோசரம் துப்பறேன்."

அவள் வாயில் வெற்றிலை அதக்கியிருந்தது. அரைமணி நேரம் வாயில் எதுவும் போட்டிருக்கக் கூடாதென்று தாளில் எழுதியிருப்பதைச் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு வா. இதத் துப்பிட்டு ஒக்கார என்னால ஆவாது."