ரொட்டியும் பின்வாசலும்

உணவைப் பிறருக்குக் கொடுப்பதும் பிறரோடு உண்பதும் ஒன்றே என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணி வருகிறோம். இரண்டிலும் பண்டம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் வாய்க்குப் போகிறது என்பது மெய்யே. ஆயினும் முன்னது தர்மம், பின்னது சமத்துவம். இவ்விரண்டுக்குமுள்ள பேதத்தை நமக்கு உணர்த்தியது எந்தச் சாஸ்திரமும் அன்று, நம் கையால் பிசைந்து சுட்ட ஒரு ரொட்டியே என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைத்தபின் சற்றே செவிசாய்க்க வேண்டுகிறோம்.

தெலுக் இந்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் கம்பார் பட்டணம் இருக்கிறது. அங்குள்ள சீன உணவுக் கடைகளில் கோழிக்கறி ரொட்டி என்பது பேர்போனது. காகிதத்தில் பொதிந்த கறியை மாவுக்குள் வைத்து மூடிச் சுடுவார்கள். தலையணை போல் உப்பிய அந்த ரொட்டியை மேசைமேல் வைத்துக் கீறினால் ஆவியும் மணமும் எழும். அது தனியொருவன் தின்று தீர்ப்பதற்கானதன்று. நாலைந்து பேர் சுற்றி அமர்ந்து, பிய்த்துக் கறியில் தோய்த்து உண்பதற்கென்றே ஏற்பட்டது.

அதைக் கண்ட ஆசையால், காகிதமின்றி, கறியோடு சீஸும் சேர்த்து, நாமும் வீட்டில் செய்யக் கற்றுக்கொண்டோம். மாவு 500 கிராம், ஈஸ்ட் 7 கிராம், இளஞ்சூடான பால் 300 மில்லி, சிறிது வெண்ணெய், உப்பு, சர்க்கரை. 10 நிமிடம் பிசைந்து மூடி வைத்தால், நம் நாட்டு வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இருமடங்காகும். உள்ளே வைக்கும் கறி நீர் வற்றி ஆறியிருக்க வேண்டும். ஈரமாக வைத்தால் அடிமாவு கூழாகிவிடும். கறியின்மேல் சீஸைத் துருவிப் போட்டு, மாவின் விளிம்புகளை ஒட்டி, ஒட்டிய பக்கத்தைக் கீழாகக் கவிழ்த்து, ஆவி வெளியேற மேலே இரண்டு கீறலிட்டு, 190 பாகைச் சூட்டில் அரை மணிக்குச் சற்று மேலாகச் சுட வேண்டும். கால் மணி நேரம் ஆறிய பின்பே கத்தி வைக்கலாம்.

சென்ற தீபாவளிக்கு முந்திய நாள், நாம் கணக்கெழுதும் செம்பனைத் தோட்டத்து ஆபீசுக்கு இத்தகைய ரொட்டிகள் இரண்டைக் கொண்டு சென்றோம். ஆபீஸ் சகாக்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து உண்டோம். மிகுந்த துண்டுகளைப் பழைய பத்திரிகைத் தாளில் வைத்து, குலை வெட்டும் வங்காளதேசத் தொழிலாளர்களுக்குப் பின்வாசல் வழியே அனுப்பினோம். அவர்கள் வெளியே குந்தியிருந்து உண்டார்கள். நாமோ நம்முடைய தாராளத்தை எண்ணி மகிழ்ந்தோம்.

அன்று மாலை இதை நம் அன்னையாரிடம் பெருமையோடு சொன்னோம். ரப்பர் மரம் சீவி நம்மை வளர்த்தவர் அவர். சற்று நேரம் பேசாதிருந்து, "எங்க காலத்துல கிராணி வீட்டுத் தேத்தண்ணியும் இனிப்பாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா பால் டின்னுலதான் ஊத்துவாங்க, பின்வாசல்ல நின்னுதான் குடிக்கணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அச்சொல் நம்மைச் சுட்டது. 1924-25ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவரைத் தனியே உண்ண வைத்தார்கள் என்பதற்காகத் தமிழ்நாடு கொந்தளித்தது. அங்கே எவரும் பட்டினி போடப்படவில்லை; மறுக்கப்பட்டது உடனமரும் உரிமை. அதற்கும் முன்னே, 1917இல் கேரளத்துச் செறாயியில் சகோதரன் ஐயப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தியபோது, சொந்த ஜாதியாரே அவரைத் தள்ளி வைத்துப் "புலையன் ஐயப்பன்" என்று இகழ்ந்தனர். இவ்வரலாறுகளை மேடையேறி முழங்குவதில் நாம் எவருக்கும் சளைத்தவரல்லோம். ஆனால் நம் பாட்டன்மார் நின்ற பெரட்டுக் களத்தில் இன்று வேறு நாட்டார் நிற்க, கிராணியின் நாற்காலியில் நாம் அமர்ந்திருக்கிறோம். தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்வாசல் மட்டும் மாறவில்லை.

இரண்டு மாதங்கழித்து ஒரு ஞாயிறன்று மீண்டும் மாவு பிசைந்தோம். சோறாயின் வேண்டியவர் குழம்பை ஊற்றிக்கொள்வார், வேண்டாதவர் விடுவார். உள்ளே பொதிந்துவிட்ட ரொட்டியில் அது இயலாது. உண்ணப்போகிறவர் யாவர் என்பதை மாவை மூடுவதற்கு முன்பே எண்ணியாக வேண்டும். ஆகவே முதலில் விசாரித்தோம். தொழிலாளர்கள் ஹலால் கோழி வேண்டுமென்றனர். மாட்டிறைச்சி ஆகாது என்றார் ஒரு சகா. புலாலே உண்ணாதவரும் ஒருவர் இருந்தார். அதன்படி ஹலால் கோழி வைத்து ஒன்றும், உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து மற்றொன்றும் சுட்டோம்.

"சீர்திருத்தம் பேசுகிறவர் ஒவ்வொருவர் ஆசாரத்துக்கும் வளைந்து கொடுக்கலாமா?" என்று தோழர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. நாம் கண்ட விடை இது: "இப்பண்டம் எனக்கு ஆகாது" என்பவன் தன் வாய்க்கு வரம்பு கட்டுகிறான், "இம்மனிதனோடு ஆகாது" என்பவன் பிறன் மானத்தை மறுக்கிறான். முன்னவனுக்கு வேறு ரொட்டி சுடலாம். பின்னவனுக்கு வேறு மேசை போடலாகாது.

நம் வீட்டு முன்கூடத்தில் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்தோம். அன்றாடம் பிறர் பங்கை அளப்பது நம் கையாதலால், அன்று கத்தியை வயது முதிர்ந்த தொழிலாளர் ஒருவரிடம் கொடுத்தோம். அன்னையார் எல்லோருக்கும் ஒரே விதக் கோப்பையில் தேநீர் ஊற்றினார். அரைகுறை மலாயில் ஊரையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசினோம். "இவர்களோடு எப்படி உட்காருவது?" என்று கேட்ட சகா ஒருவர் வரவில்லை, அவருக்குத் துண்டு அனுப்பவும் இல்லை.

இதனால் உலகம் திருந்திவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ரொட்டி ஒருநாளும் கூலியாகாது. குலைக் கணக்கில் ஒன்றைக் குறைத்தெழுதும் கிராணி நூறு ரொட்டி சுட்டாலும் அக்கடன் தீராது. ஆயினும் ஒரு முறை எதிரெதிரே அமர்ந்து உண்டவனின் கணக்கைத் தவறாக எழுத கை கூசும் என்பதை அநுபவத்தில் அறிந்தோம்.

ஆகவே, தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்பதோடு, எந்த வாசலில் கொடுக்கிறீர்கள் என்பதையும் ஒரு முறை பாருங்கள். நம் முன்னோர் எந்த வாசலில் நின்றார்கள் என்பது தானே நினைவுக்கு வரும்.