பட்டினி கிடந்த பாம்பும் சிராவகர் கடமையும்



பார்சுவநாத பகவானின் திருவுருவத்தின் முன் நிற்கும்போது நம் பார்வை முதலில் எங்கே செல்கிறது? திருமுடியின் மேல் குடையாக விரிந்த நாகத்தின் படத்தின் மீதன்றோ! மேல்சித்தாமூரிலும், திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் சந்நிதியிலும், கழுகுமலைப் பாறைச் சிற்பத்திலும் அப்படமே பகவானை நமக்கு அடையாளம் காட்டுகிறது. சந்நிதியில் அதனைக் கைகூப்பித் தொழுகிறோம். அதே உயிர் நம் வைக்கோற்போரில் தலை காட்டினால் தடியைத் தேடுகிறோம். இது பலரும் பேசிய முரண்பாடு. நாம் இங்கே பேசப் புகுவது வேறு. தடியைத் தொடாத நல்லவர்களும் தம் இரக்கத்தாலேயே பாம்பைக் கொன்றுவிடுவதுண்டு.

கல்லூரியில் பயிலும் நம்மவர் குடும்பத்து இளைஞர் ஒருவர் சில திங்களுக்கு முன் நமக்கு ஒரு கடிதம் எழுதினார். பாம்பாட்டி ஒருவரின் கூடையிலிருந்து மீட்கப்பட்ட நாகம் ஒன்றைக் கால்நடை மருத்துவர் பேணி வருகிறாராம். அதற்குப் பணிவிடை செய்யும் தொண்டர்களுள் இவரும் ஒருவர். "நாகம் எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறது. இரையாக எலி கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கொடுத்தால் எலிக்குத் தீங்கு. கொடாவிடில் பாம்புக்குத் தீங்கு. என் விரதத்திற்கு எது பொருந்தும்?" என்பது அவர் வினா. எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. நாமும் சில நாள் தயங்கினோம்.

முதலில் அந்நாகத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். வடநாட்டில் நாகபஞ்சமி நெருங்கும் காலத்தில் பாம்பாட்டிகள் சிலர் நாகங்களைப் பிடித்து, நச்சுப் பற்களைப் பிடுங்கி, சிலவற்றின் வாயை நூலால் தைத்தும் விடுகின்றனர். வாரக்கணக்கில் இரையுமில்லை, நீருமில்லை. பஞ்சமி நாளில் பக்தர் பால் வார்க்க, தாகத்தால் தவிக்கும் அவ்வுயிர் அதனைக் குடிக்கிறது. கண்டோர் வியந்து காசு போடுகின்றனர். பாம்பின் குடலுக்குப் பாலைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. தாகத்தில் எந்த நீர்மத்தையும் குடிக்கும்; குடித்தது பாலாயின் அதுவே நோயாகும்; நுரையீரலில் புகுந்தால் உயிருக்கே முடிவாகும்.

அயலாரைக் குறை கூறுமுன் நம் குறையையும் கூறுவோம். நம் இளமையில், கிராமத்து வீட்டுக் கிணற்றில் விழுந்து பல நாள் கிடந்த சாரைப்பாம்பு ஒன்றைக் கூடையிட்டு மேலே எடுத்தோம். முதுகெலும்பு வரம்புபோல் துருத்தி நின்றது, தோல் மடிப்பு மடிப்பாய்த் தொங்கியது, கண்கள் குழிந்திருந்தன. ஊன் கொடுக்க நம் மரபு இடந்தராது. ஆகவே கொட்டாங்கச்சியில் பால் வைத்தோம். அது குடித்தது. நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. மறுநாள் காலை அது இறந்து கிடந்தது. விதி முடிந்தது என்று பெரியோர் கூறினர். விதியன்று, நாம் வார்த்த பால் என்பதைப் பல்லாண்டு கழித்தே அறிந்தோம். நம் விரதம் கெடக்கூடாது என்ற எண்ணத்தில், அவ்வுயிரின் இயல்பு யாதென ஒருவரையும் கேட்கவில்லை. அறியாமையோடு கூடிய தயை எத்தகையது என்பதற்கு அச்சாரைப்பாம்பு இன்றும் நம் நெஞ்சில் சாட்சியாய்க் கிடக்கிறது.

அறிந்தவர்கள் செய்வது என்ன? மருத்துவர் முதலில் வாய்த் தையலை அறுத்துப் புண்ணுக்கு மருந்திடுகிறார். பின்னர் பாம்பை ஆழமில்லாத இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் இருக்க விடுகிறார். தேவையாயின் மெல்லிய குழாய் வழியே நீரும் உப்புச்சத்தும் செலுத்துகிறார். பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்ள இயலாத உயிர். வெதுவெதுப்பு இல்லையேல், உண்ட இரை செரியாமல் வயிற்றிலேயே அழுகிவிடும். ஆதலால் வெப்பமும், இருளும், அமைதியும் தருகின்றனர். அடிக்கடி தொடுவதில்லை, வேடிக்கை பார்ப்போரை விடுவதில்லை. இரை இவற்றிற்கெல்லாம் பிறகே. நெடும்பட்டினி கிடந்த உடலில் திடீரென நிறைய உணவு சென்றால் அதுவே கேடாகும் என்பதால் அதுவும் சிறிதாகவே தொடங்கும். தேறுவதற்கு வாரங்கள் ஆகலாம், திங்களும் ஆகலாம். பிடுங்கிய பல் மீண்டும் முளைக்கும். நச்சுப்பை சிதைந்திருந்தால் அது திரும்புவதில்லை. அத்தகைய நாகம் காட்டில் தன் இரையைத் தேடி வாழ்வதும் அரிது.

இவ்வரிசையை நன்கு நோக்குங்கள். கட்டவிழ்த்தல், நீர், மருந்து, வெதுவெதுப்பு, அச்சமின்மை ஆகிய இவை முன்னே நிற்கின்றன. நால்வகைத் தானங்களுள் அபயதானமும் ஔஷததானமும் இவையே அன்றோ? இவற்றைச் செய்யச் சிராவகனுக்கு யாதொரு தடையும் இல்லை.

எஞ்சுவது இரை. நம்மவரில் சிலர், "பாம்பு பட்டினி கிடந்தால் எலிகள் பிழைக்கும், பாம்புக்கும் பாவம் சேராது" என்று வாதிடக் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு அழகாயிருக்கிறது, ஆனால் பிழை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. நம் காவலில் அடைபட்ட உயிருக்கு உணவைத் தடுப்பது விரதத்தைக் காப்பதாகாது. விரதத்தில் விழும் கறையேயாகும். மகாவீர பகவான் முற்பிறவி ஒன்றில் சிங்கமாய் இருந்தபோது சாரண முனிவர் இருவரின் அறவுரை கேட்டு ஊனைத் துறந்தது உண்மை. சிங்கம் தானே உணர்ந்து துறந்தது. முனிவர்கள் அதனைக் கூண்டில் அடைத்துப் பட்டினி போடவில்லை.

அதற்காகச் சிராவகன் தன் கையால் எலியைக் கொன்று கொடுக்கலாமா? கூடாது. அது சங்கற்ப இம்சை, இதில் ஐயமில்லை. டில்லி செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் நம் சமூகத்தார் நடத்தும் பறவை மருத்துவமனை நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. ஊனுண்ணும் பறவைகளுக்கும் அங்கே மருந்துண்டு, கட்டுண்டு. ஆனால் மற்றப் பறவைகளோடு அவற்றைத் தங்கவைத்துப் பேணுவதில்லை. அவ்வழியே நாமும் அவ்விளைஞருக்கு எழுதினோம்: "தையலறுக்கும் வேளையில் உடனிரு. நீர் மாற்று, துணி துவைத்துப் போடு, மருந்துக்குப் பொருள் கொடு. இரையிடும் பொறுப்பை மருத்துவரிடம் விடு, தடுக்காதே. வேட்டையாடும் வலிமை வந்ததும் விரைவில் காட்டில் விடுமாறு வேண்டிக்கொள். வீட்டிற்கு மட்டும் கொண்டு வராதே." நாகத்தையும் சாரையையும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இவ்விடையில் ஒரு நெருடல் உண்டு. நாம் விலகி நிற்பதால் எலி பிழைத்துவிடாது. இதனை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. உயிர் உயிரை உண்டு வாழும் இவ்வுலகைச் சம்சாரம் என்றும், துன்பக் கடல் என்றும் நம் ஆசாரியர்கள் அழைத்தது காரணமின்றியன்று.

தாபதனாய்ப் பிறந்திருந்த கமடனின் கட்டைக்குள் நாகங்கள் இரண்டு இருப்பதைப் பார்சுவகுமாரர் அவதிஞானத்தால் கண்டு தடுத்த வரலாற்றை நம் குழந்தைகளும் அறிவர். குற்றுயிராய்க் கிடந்த அவற்றுக்கு அவர் பாலை வார்க்கவில்லை. அவற்றின் செவியில் அறம் புகுந்தது; மனம் அமைதியுற்றது; தரணேந்திரனும் பத்மாவதியுமாய்ப் பிறந்தன.

சிராவண மாதத்து வளர்பிறைப் பஞ்சமி நாகபஞ்சமி. அதே பிறையின் சப்தமியில்தான் பார்சுவநாதர் சம்மேத சிகரத்தில் முத்தி எய்தினார். இடையில் ஒரே நாள். பஞ்சமியன்று புற்றில் பால் வார்க்கும் வழக்கம் நம் இல்லங்கள் சிலவற்றிலும் அண்டை அயலாரைப் பார்த்து நுழைந்துள்ளது. அப்பாலின் விலையைச் சப்தமி வழிபாட்டின்போது ஓர் உண்டியலில் இட்டு, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் சேர்க்கலாம். பாம்பாட்டியின் கூடையில் காசு போடுவதை இன்றே நிறுத்தலாம்.

சென்ற வாரம் அவ்விளைஞரிடமிருந்து மீண்டும் கடிதம் வந்தது. நாகம் தானே நீர் அருந்துகிறதாம். வாய்ப்புண் ஆறி வருகிறதாம். ஒருமுறை தோலும் உரித்துவிட்டதாம். இரையைப் பற்றி அவர் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை.